வேண்டியவர்கள் சொன்ன அறிவுரை

1938 ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு. அன்று ஆஸ்திரியாவில் வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ஜெர்மனியோடு நாடு இணைக்கப்பட்டதை ஏற்கிறீர்களா, ஹிட்லரின் பட்டியலை ஆதரிக்கிறீர்களா என்பது கேள்வி. சீட்டின் நடுவே 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம். பக்கத்தில் 'இல்லை' என்பதற்கு ஒரு சின்ன வட்டம். எதில் குறி போடவேண்டும் என்று சீட்டே சொல்லிக்கொடுத்தது. நாடு முழுவதும் 99.7 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். மேல் ஆஸ்திரியாவின் மேற்கு விளிம்பில், சால்சாக் ஆற்றை ஒட்டியிருக்கும் சங்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் இருந்து நூற்றுக்கு நூறு என்றே கணக்கு மேலே போனது. உண்மையில் அந்த ஊரில் ஒருவர் சின்ன வட்டத்தில் குறி போட்டிருந்தார். யார் என்று ஊருக்குத் தெரியும். வம்பு வேண்டாம் என்று அந்த ஒற்றை வாக்கைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிட்டார்கள்.

அவர் பெயர் ஃப்ரான்ட்ஸ் யேகர்ஷ்டேட்டர். வயது முப்பது. நிலமும் மாடுகளும் வைத்திருந்த விவசாயி. ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் நகரமும் ராடெகுண்டும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அவருடைய தொடக்கத்தில் புனிதர் வரலாறுகளுக்கு உரிய அடையாளம் எதுவும் இல்லை. தாய் பண்ணைக் கூலி, தகப்பனும் கூலி. கல்யாணம் செய்துகொள்ளக்கூட வசதியில்லாத இருவருக்கு 1907 மே 20 அன்று பிறந்தவர். பாட்டியின் கையில் வளர்ந்தார். தகப்பன் முதல் உலகப்போரில் மாண்டார். 1917இல் யேகர்ஷ்டேட்டர் என்ற விவசாயியைத் தாய் மணந்தபோது, அவர் பையனைச் சுவீகாரம் எடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. வாலிபத்தில் அடிதடிக்கு அஞ்சாத ஆள். ஐசனெர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்த நாட்களில் கோயில் பக்கம் போவதையே கொஞ்ச காலம் விட்டிருந்தார். ஊருக்கு முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1933இல் திருமணமாகாமலே ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன் ஆனார். அந்தக் குழந்தையைக் கைவிடவில்லை.

1936இல், பெரிய வியாழனன்று, ஃப்ரான்சிஸ்கா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சடங்கு முடிந்ததும் இருவரும் ரோமுக்குப் பயணம் போனார்கள். விவசாயக் குடும்பங்களில் யாரும் செய்யாத காரியம் அது. பிறகு சேர்ந்து விவிலியம் படித்தார்கள், நற்கருணைக்குப் போனார்கள், 1940க்குள் மூன்று பெண்குழந்தைகள் பிறந்தார்கள். நன்றாயிருந்த பையனைப் பெண்டாட்டி பக்திப் பைத்தியம் ஆக்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு பின்னாளில் கொடிய பழியாகத் திரும்பி வந்து ஃப்ரான்சிஸ்காவின் தலையில் விழப்போகிறது.

மறைசாட்சியரின் வரலாற்றைக் கேட்டுப் பழகிய விதம் ஒன்று நமக்கு உண்டு. ஒரு பக்கம் வாளேந்திய கொடியவன், மறுபக்கம் மண்டியிட்ட விசுவாசி. இப்படிப்பட்ட சாவுகள் இன்றும் நடக்கின்றன. 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் ஆரஞ்சு நிற உடை உடுத்திய 21 தொழிலாளிகள் கழுத்தறுக்கப்பட்டதை உலகமே பார்த்தது. எகிப்தில் இருந்து பிழைக்கப் போன காப்டிக் கிறிஸ்தவர்கள் இருபது பேர், கானா நாட்டவர் ஒருவர். அங்கே பகை முகமூடியோடு வந்தாலும் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. சில நாட்களிலேயே காப்டிக் திருச்சபை அவர்களை மறைசாட்சிகளாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோரின் சொந்த ஊரான அல் ஊரில் அவர்கள் பெயரால் கோயில் எழுந்தது. கொன்றவன் அந்நியன், அழுதவர்கள் சொந்தக்காரர்கள். எல்லை தெளிவாக இருந்தது.

ராடெகுண்டில் அந்த எல்லை இல்லை. அங்கே கோயில் பூட்டப்படவில்லை, மணி அடித்தது, திருப்பலி நடந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வரும் அதே ஆட்கள்தான் கட்சி நிதிக்கும் காசு கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படைக்கும் அனுப்பினார்கள். விசுவாசத்தை விட்டுவிடு என்று ஃப்ரான்ட்ஸிடம் யாருமே சொல்லவில்லை. விசுவாசமாக இரு, கூடவே ஹிட்லருக்கு ஒரு உறுதிமொழியும் எடுத்துக்கொள் என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். மறைசாட்சியின் மிகக் கடினமான வழக்கு, எதிரியின் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, அன்புள்ளவர்களின் சமையலறையில் நடந்து முடிந்துவிடுகிறது என்பதை இவருடைய வாழ்க்கை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு அதிகம் இல்லை.

திருச்சபையின் தலைவர்கள் அந்த வழக்கில் முன்பே வாக்குமூலம் கொடுத்துவிட்டிருந்தார்கள். 1938 மார்ச் 18 அன்று ஆஸ்திரிய ஆயர்கள் அனைவரும் ஹிட்லரின் இணைப்பை வரவேற்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வியன்னாவின் கர்தினால் இன்னிட்சர் அதோடு அனுப்பிய கடிதத்தின் கீழே ஹிட்லருக்கு வாழ்த்துச் சொல்லும் வாசகத்தைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். குருத்து ஞாயிற்று வாக்கெடுப்புக்கு முன்பாக அந்த அறிக்கை கோயில்களில் வாசிக்கப்பட்டது. பிற்பாடு ஃப்ரான்ட்ஸ் தன் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதினார்: அந்த வசந்தத்தில்தான் ஆஸ்திரியத் திருச்சபை தன்னைத் தானே சிறைப்படுத்திக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளாமல் விடுதலை வராது என்பது அவருடைய கருத்து.

அந்தக் குறிப்பேடுகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுகள். எழுத்துப் பிழைகள் நிறைய. வட்டார வழக்கு கலந்த வாக்கியங்கள். மாடுகளுக்குத் தீவனம் வைத்து, வயல் வேலை முடித்து, குழந்தைகள் தூங்கியபின் ஒரு விவசாயி உட்கார்ந்து தனக்குத்தானே கேள்வி போட்டுக்கொண்டு பதில் எழுதிய பக்கங்கள். ரஷ்யாவோடு நடக்கும் போர் கடவுள் மறுப்பை எதிர்க்கும் புனிதப் போர் என்று அப்போது பிரசங்கங்களிலேயே சொல்லப்பட்டது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அங்கே நாம் பிடிக்கப்போவது கடவுள் மறுப்பையா, அல்லது கனிமத்தையும் எண்ணெய்க் கிணறுகளையும் நல்ல கோதுமை நிலத்தையுமா? நிலத்தின் அருமை தெரிந்தவன், அடுத்தவன் நிலம் பறிபோவதை உடனே கண்டுகொண்டான்.

1938 ஜனவரியில், நாஜிகள் வருவதற்கு முன்பே, அவருக்கு ஒரு கனவு வந்தது. மலையைச் சுற்றி அழகான ரயில் ஒன்று ஓடுகிறது. பெரியவர்களும் குழந்தைகளும் அதை நோக்கி ஓடுகிறார்கள். யாராலும் அவர்களைத் தடுக்க முடியவில்லை. அந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் சொல்கிறது. எந்த ரயில் என்பது சில வாரங்களில் அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பின் அதில் ஏறாமல் இருப்பதற்குச் சின்னச் சின்ன விலைகளைக் கொடுத்துப் பழகினார். அரசு கொடுத்த குழந்தை உதவித்தொகையை வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது கிடைத்த நிவாரணத்தையும் மறுத்தார். கட்சி வசூலுக்கு ஒரு காசும் தரவில்லை.

1940இல் படைக்கு அழைத்தார்கள். அந்த முறை அவர் போனார், உறுதிமொழியும் எடுத்தார். என்ஸ் நகரில் வாகனம் ஓட்டப் பயிற்சி பெற்றார். அங்கேயே பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மனநோயாளிகளை அரசு கொன்றுவருகிறது என்ற செய்தியும் அந்தப் படைநாட்களில் அவர் காதுக்கு எட்டியது. விவசாய வேலைக்குத் தேவைப்படும் ஆள் என்ற காரணம் காட்டி ஊர்த்தலைவர் அவரை மீட்டுக்கொண்டு வந்தார். 1941 ஏப்ரலில் வீடு திரும்பியவர், இனி ஒருமுறை அழைத்தால் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார். அந்த ஆண்டே ராடெகுண்ட் கோயிலின் கோயில்பிள்ளை வேலையும் அவருக்கு வந்தது. விடியற்காலையில் கோயிலைத் திறந்து பலிபீடத்தை ஆயத்தம் செய்வார். இறந்தவர் வீட்டார் அடக்கத்துக்குக் கொடுக்கும் காணிக்கையை வாங்கமாட்டார்.

மறுப்பு என்றால் மரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் எல்லாரும் ஓடிவந்தார்கள். தாய் அழுதார், உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவந்து பேசவைத்தார். பழைய பங்குத்தந்தை கரோபாத் நாஜி எதிர்ப்புப் பிரசங்கத்துக்காகக் கைதாகி, பங்கில் இருந்து வெளியேற்றப்பட்டவர். ஃப்ரான்ட்ஸின் மனதை அறிந்தவர். அவரும் உயிரைக் காப்பாற்றிக்கொள் என்றே வாதாடினார். ஒவ்வொரு முறையும் விவிலியத்தைக் காட்டி ஃப்ரான்ட்ஸ் தன்னை மடக்கினார் என்று அந்தக் குருவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கரோபாத்துக்குப் பதிலாக வந்த இளம் குரு ஃபியூர்தாவரும் அதையே சொன்னார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை எல்லாரும் நினைவூட்டினார்கள்.

கடைசியாக அவர் லின்ஸுக்குப் போய், மறைமாவட்டத்தை அப்போது நடத்திவந்த ஆயர் ஜோசப் ஃப்ளீசரைச் சந்தித்தார். ஃப்ரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். ஆயர் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. போர் நியாயமானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஒரு குடும்பத் தலைவனுக்குக் கிடையாது. ஆள்வோரின் செயலுக்குக் குடிமகன் எவ்வளவு பொறுப்பாவான் என்பதற்கு அறநெறியில் வரம்பு உண்டு. மனைவி மக்களைக் காப்பாற்றுவதே உன் கடமை. சுருக்கமாக இதுதான் ஆயரின் அறிவுரை. வெளியே வந்தபோது கணவரின் முகத்தில் துக்கம் இருந்தது என்று ஃப்ரான்சிஸ்கா நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்களுக்குத் துணிவில்லை, பேசினால் அடுத்து அவர்களைப் பிடிப்பார்கள் என்று ஃப்ரான்ட்ஸ் மனைவியிடம் சொன்னாராம். ஆயர் மேல் கோபப்படவில்லை.

இந்த ஆயரைக் கோழை என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது நியாயம் இல்லை. அவருடைய மறைமாவட்டக் குருக்கள் பலர் சிறையிலும் தாக்காவ் முகாமிலும் இருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத விவசாயி காவல்துறை அனுப்பிய ஆளாகக்கூட இருக்கலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கக்கூடும். அவர் சொன்னது பாடநூலில் இருந்த இறையியல்தான். மூன்று குழந்தைகளின் தகப்பனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று அவர் விரும்பியதும் உண்மை. இத்தனை நியாயங்களும் சேர்ந்துதான் அந்த அறிவுரையை மீறுவதை அவ்வளவு கடினமாக்கின. அரக்கன் ஒருவன் மிரட்டினால் மறுத்துவிடலாம். நல்ல மேய்ப்பர் ஒருவர் பரிவோடு சொல்லும்போது, தவறு நம் பக்கமோ என்ற கேள்வி உள்ளே எழும். அந்தக் கேள்வியோடு ஃப்ரான்ட்ஸ் மாதக்கணக்கில் போராடினார். இது தற்கொலை ஆகிவிடுமா என்ற பயம்கூட அவரைத் துன்புறுத்தியது.

மறைசாட்சியரின் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தால் இதே கட்டம் மீண்டும் மீண்டும் வருவது தெரியும். கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, கைக்குழந்தையோடு சிறையில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். சிறையில் அவரே எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் விலங்குகளைப் பற்றிய பயத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அவருடைய தகப்பனார். மறுபடி மறுபடி வந்து கெஞ்சுகிறார். மகளின் கைகளை முத்தமிடுகிறார். விசாரணை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஆளுநர் ஹிலாரியானுஸும் தகப்பனின் நரையையும் பிள்ளையின் மழலையையும் பார்த்து இரங்கு என்றே சொல்கிறார். காட்டு விலங்குகளுக்கு முன்னால் அந்தப் பெண் கடந்துபோக வேண்டியிருந்தது இந்த இரக்கத்தை.

இங்கிலாந்தின் தாமஸ் மூருக்கும் இதுவே நேர்ந்தது. எட்டாம் ஹென்றி கேட்ட உறுதிமொழியை நாட்டின் ஆயர்கள் எல்லாரும் எடுத்துவிட்டார்கள், ஜான் ஃபிஷர் ஒருவரைத் தவிர. மூரின் உயிருக்கு உயிரான மகள் மார்கரெட்டும் எடுத்துவிட்டு, லண்டன் கோட்டைச் சிறைக்கு வந்து தகப்பனை இணங்கவைக்க முயன்றார். மூர் தலை வெட்டப்பட்டது 1535 ஜூலை 6 அன்று. ஃப்ரான்ட்ஸ் யேகர்ஷ்டேட்டருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதும் ஒரு ஜூலை 6தான், 408 ஆண்டுகள் கழித்து. மூருக்குத் துணையாக ஓர் ஆயராவது இருந்தார். ஃப்ரான்ட்ஸுக்கு அதுவும் இல்லை.

1943 பிப்ரவரியில் அழைப்பாணை வந்தது. மார்ச் 1 அன்று என்ஸ் படைமுகாமுக்குப் போய், தன்னால் ஆயுதம் ஏந்த முடியாது என்று சொன்னார். லின்ஸில் அவரை அடைத்த ராணுவச் சிறை, உர்சுலின் கன்னியரிடம் இருந்து பிடுங்கப்பட்ட கன்னிமடம். மே மாதம் பெர்லினில் இருக்கும் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். அதே மாதங்களில் அதே சிறையில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற புராட்டஸ்டன்ட் இறையியலாளரும் அடைபட்டிருந்தார். ஒருவர் ஐரோப்பாவின் அறிவாளிகள் படிக்கும் எழுத்தாளர். மற்றவர் பள்ளி நோட்டில் பிழையோடு எழுதிய விவசாயி. இருவரும் ஒரே அரசுக்குக் குற்றவாளிகள்.

நீதிமன்றம் அவரைக் கொல்ல அவசரப்படவில்லை. மனதை மாற்றிக்கொள்ளத் திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுத்தார்கள். வழக்கறிஞர் ஃபெல்ட்மான் நல்லெண்ணத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: லட்சக்கணக்கான கத்தோலிக்கர்கள் போரிடுகிறார்கள்; குருமாணவர்களும் படையில் இருக்கிறார்கள்; போருக்குப் போகாதே என்று ஓர் ஆயராவது சொன்னதுண்டா? இல்லை என்பதை ஃப்ரான்ட்ஸ் ஒப்புக்கொண்டார். அவர்களுக்கு அந்த அருள் கிடைக்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவப் படையில் சேரத் தயார் என்று அவர் சொன்னது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நாஜியாகவும் கத்தோலிக்கனாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று அவர் சொன்னதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. படையின் மன உறுதியைக் குலைத்த குற்றத்துக்கு மரணம் என்று முடிந்தது.

தனியாக நின்ற அவருக்கு மனித முகத்தோடு ஓர் ஆறுதல் வந்தது டேகல் சிறையில்தான். சிறைக் குரு கிராய்ட்ஸ்பெர்க், ஃப்ரான்ட்ஸ் ரைனிஷ் என்ற பள்ளொட்டின் சபைக் குருவைப் பற்றிச் சொன்னார். அவரும் ஆஸ்திரியர். ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து 1942 ஆகஸ்டில் பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டவர். அதைக் கேட்டதும் விவசாயியின் முகம் தெளிந்தது என்று கிராய்ட்ஸ்பெர்க் எழுதியிருக்கிறார். தன் வழி தவறாக இருக்க முடியாது என்று அவருக்கு ஒரு உறுதி கிடைத்தது. வெளியே அந்த நாட்களில் யெகோவாவின் சாட்சிகள் இருநூறு பேருக்கு மேல் இதே மறுப்புக்காக உயிர்விட்டார்கள். ஃப்ரான்ட்ஸ் அவர்களை மதித்தவர். ஆனால் கத்தோலிக்கரில் இந்த முடிவை எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எல்லாரும் ஒரு பக்கம் நின்றபோது ஃப்ரான்சிஸ்கா எந்தப் பக்கம் நின்றார் என்பதே இந்த வரலாற்றின் நடுப்பகுதி. தொடக்கத்தில் அவரும் கணவரிடம் கெஞ்சினார். உயிரைப் பணயம் வைக்கவேண்டாம் என்று அழுதார். பிறகு ஒருநாள், வந்தவர் போனவர் எல்லாம் கணவரோடு வாதாடுவதைப் பார்த்தார். தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் இவருக்கு உலகத்தில் யாருமே இல்லை என்று அவருக்குப் பட்டது. அன்றோடு வற்புறுத்துவதை நிறுத்திக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டவர்களிடம் அவர் இதைத்தான் சொன்னார். கணவரின் முடிவை முழுக்கப் புரிந்துகொண்டு ஆதரித்தார் என்று சொல்ல முடியாது. அவர் தனியாக நிற்கக்கூடாது என்பது அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. முப்பது வயதில், மூன்று குழந்தைகளோடு, விதவையாகப் போவதைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு அது. துணிச்சல் என்ற சொல்லைச் சிறைக்குள் இருப்பவருக்கு மட்டும் எழுதிவைப்பது எவ்வளவு தவறு என்பது இங்கே தெரிகிறது.

ஜூலை மத்தியில் அவரும் குரு ஃபியூர்தாவரும் பெர்லினுக்குப் போனார்கள். சந்திப்புக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்திலும் குரு வாதாடிக்கொண்டிருந்தார். மனைவி வாதாடவில்லை.

1943 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஃப்ரான்ட்ஸிடம் மாலை நான்கு மணிக்குத் தண்டனை என்று தெரிவித்தார்கள். விலங்கிட்ட கைகளால் அவர் முன்பே எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. அன்றும் வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டால் பிழைக்கலாம் என்ற தாள் கடைசிவரை மேசை மேல் இருந்தது. அதை அவர் தொடவில்லை. சிறைக் குரு யோக்மான் அன்று மாலை அங்கிருந்த ஆஸ்திரிய அருட்சகோதரிகளிடம், தன் வாழ்நாளில் தான் சந்தித்த ஒரே புனிதர் இவர்தான் என்று சொன்னார். ஃப்ரான்ட்ஸின் சாம்பல் எங்கே புதைக்கப்பட்டது என்பதை அந்தச் சகோதரிகள் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்தபின் சாம்பலை ராடெகுண்டுக்குக் கொண்டுவந்து, 1946 ஆகஸ்ட் 9 அன்று கோயில் சுவர் ஓரமாக அடக்கம் செய்தார்கள்.

நாஜி அரசு ஒழிந்தது. ஆனால் வேண்டியவர்களின் தீர்ப்பு மாறவில்லை. ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் போர்முனையில் செத்திருந்தார்கள். ஃப்ரான்ட்ஸ் செய்தது சரி என்றால் தங்கள் பிள்ளை செத்தது எதற்காக என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருந்தது. அந்த வேதனையை அவர்கள் ஃப்ரான்சிஸ்காவின் மேல் இறக்கிவைத்தார்கள். பக்திப் பைத்தியம் ஆக்கிக் கொன்றவள் என்ற பழி அவருக்கு. போர் விதவைகளுக்கான ஓய்வூதியமும் 1950 வரை கிடைக்கவில்லை. அவர் நிலத்தில் உழைத்தார், மூன்று பெண்களை வளர்த்தார், கணவர் விட்டுப்போன கோயில்பிள்ளை வேலையையும் பல ஆண்டுகள் பார்த்தார். ஃப்ரான்ட்ஸைப் பற்றி ஒரு குரு எழுதிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் போட ஆயர் ஃப்ளீசர் அனுமதிக்கவில்லை. கடமையைச் செய்து போர்க்களத்தில் மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

கதவைத் திறந்தவர் வெளியே இருந்து வந்தார். கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப்போரில் தானும் ஆயுதம் ஏந்த மறுத்த கத்தோலிக்கர். ஹிட்லரின் போர்களில் ஜெர்மன் கத்தோலிக்கர்களின் பங்கை ஆராயும்போது இந்த விவசாயியின் பெயர் அவர் கண்ணில் பட்டது. ராடெகுண்டுக்குப் போய், ஊர்க்காரர்களிடம் பேசி, 1964இல் நூலாக வெளியிட்டார். முன்பு மும்பைப் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ் என்ற இயேசு சபையினர், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கவனத்துக்கு ஃப்ரான்ட்ஸின் வழக்கைக் கொண்டுவந்தார். மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்போரை அரசுகள் மனிதநேயத்தோடு நடத்தவேண்டும் என்று 1965 டிசம்பரில் சங்க ஏடு சொன்னது. 1985இல் எர்னா புட்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. 1997 மே மாதம் பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் மறைசாட்சியே என்று 2007இல் ஏற்றுக்கொண்ட திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், சிறுவயதில் சால்சாக் ஆற்றின் மறுகரையில், ராடெகுண்டுக்கு அருகிலுள்ள டிட்மோனிங்கில் வாழ்ந்தவர். அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் ஃப்ரான்ட்ஸுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. ஆயர் அவருக்கு அறிவுரை சொன்ன அதே நகரம். 94 வயதில் ஃப்ரான்சிஸ்கா அங்கே இருந்தார். 2013இல், நூறு வயது நிறைந்த சில நாட்களில் காலமானார். 2019இல் டெரன்ஸ் மாலிக் எடுத்த திரைப்படம் இருவரின் கதையையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது, அதை ஒதுக்கக்கூடாது. ஆறு வயதுகூட நிறையாத மூன்று பெண்குழந்தைகளை விட்டுப்போக ஒருவருக்கு உரிமை உண்டா? அவர் செத்ததால் போர் ஒரு மணிநேரம்கூட முன்னதாக முடியவில்லை. இதை அவரிடமே கேட்டார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகக் கடவுளுக்கு எதிராக நடக்க ஒரு தகப்பனுக்கு அனுமதி கிடைத்துவிடுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலில் கடுமை இருக்கிறது. அதை எல்லாருக்கும் விதியாக ஆக்க அவர் விரும்பவில்லை. போருக்குப் போனவர்களைப் பற்றி அவர் ஒரு சுடுசொல்லும் எழுதியதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளை நினைவூட்டிய யாரும், போலந்திலும் ரஷ்யாவிலும் அதே படையின் கையில் தகப்பனை இழந்த குழந்தைகளை அவருக்கு நினைவூட்டவில்லை. அவர் அந்தக் குழந்தைகளையும் எண்ணிப்பார்த்தார். ஊரின் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் இருந்த வித்தியாசம் அதுதான், அவர் கணக்குத்தான் சரி.

விசுவாசத்துக்கு எதிரான உலகம் என்றதும் நாம் தூரத்தில் இருக்கும் அரசுகளையும் கும்பல்களையும் தேடுகிறோம். அவை உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றால் சாகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்தக் கதையில் கொலையாளியாகவும் இருக்கப்போவதில்லை, மறைசாட்சியாகவும் இருக்கப்போவதில்லை. நமக்குக் கிடைக்கக்கூடிய பாத்திரம் தாய், அண்டைவீட்டார், பங்குத்தந்தை, வழக்கறிஞர். நம் வீட்டிலோ அலுவலகத்திலோ பங்கிலோ ஒருவர் எழுந்து, இந்தத் தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லும் நாளில், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று சொல்ல ஆள் நிறைய வரும். அவர் சொல்வது சரியா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் அவரோடு வாதாடும் கூட்டத்தில் சேராதீர்கள். ஃப்ரான்ட்ஸ் யேகர்ஷ்டேட்டரின் நினைவு நாளை, அவர் திருமுழுக்குப் பெற்ற மே 21இல் திருச்சபை கொண்டாடுகிறது. அன்று மறையுரை சொல்லும் குருக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃப்ரான்சிஸ்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.